ஓர் அறைக்கு 5 கோடி ரூபாய்

கூரையின் வரலாறு: 23

2016 நவம்பர் 8 அன்று அமெரிக்கா டொனால்ட் டிரம்பை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. உலகமே அந்தச் செய்தியில் மூழ்கிவிட்டதால், அதே வாக்குச்சீட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மக்கள் எடுத்த இன்னொரு முடிவு வெளியே அதிகம் பேசப்படவில்லை. தெருவில் வாழ்பவர்களுக்கு வீடு கட்ட மாநகராட்சி 120 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடலாமா, அந்தக் கடனை அடைக்க உங்கள் சொத்து வரியைக் கூட்டலாமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. நான்கில் மூன்று பேருக்கு மேல் கூட்டுங்கள் என்றார்கள். நான்கு மாதம் கழித்து, 2017 மார்ச்சில், நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த கவுன்ட்டி முழுவதும் இன்னொரு வாக்கெடுப்பு. கடையில் பொருள் வாங்கும்போது டாலருக்குக் கால் சென்ட் கூடுதல் வரி, பத்து ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 35.5 கோடி டாலர் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்ட அந்த வாக்கெடுப்பும் வென்றது.

தன் தலைமேல் தானே வரி போட்டுக்கொள்ளச் சம்மதிக்கும் மக்களை வரலாற்றில் அடிக்கடி பார்க்க முடியாது. சென்ற அத்தியாயத்தில் பார்த்த நியூயார்க்கில், வழக்கறிஞர் ராபர்ட் ஹேய்ஸ் 1979ல் வழக்குப் போட்டு, 1981ல் நீதிமன்றத்தின் முன் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்ட பிறகுதான் மாநகராட்சி வீடில்லாத ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு படுக்கை கொடுக்க இறங்கி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் அப்படி யாரும் கையை முறுக்கவில்லை. மக்களே முன்வந்து கொடுத்தார்கள்.

2016ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் வீடில்லாதவர்கள் 28,464 பேர். பத்தாண்டில் 10,000 வீடுகள் என்பது வாக்குறுதி. 2023ல் எண்ணியபோது அதே நகரத்தில் வீடில்லாதவர்கள் 46,260 பேர் இருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அரசாங்கம் செலவு செய்தால் வீடில்லாதோர் பிரச்சினை தீராது, பெருகத்தான் செய்யும் என்கிறார்கள். இன்னும் நிறையக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் 2016லிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் பத்தாயிரம் வீடு கட்டுவதாக வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் முறையா என்றால், இல்லை. 67 ஆண்டுகளுக்கு முன்பே இதே எண்ணிக்கையை நகரமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது.

முதல் பத்தாயிரம்

போர் முடிந்து படைவீரர்கள் திரும்பிய காலம். கலிபோர்னியாவில் வீட்டுப் பஞ்சம். 1949ல் மத்திய அரசு வீட்டுவசதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, நகரங்கள் பொதுக் குடியிருப்புகள் கட்டிக்கொள்ளப் பணம் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரமன்றம் 10,000 வீடுகளுக்கான ஒப்பந்தத்தை ஏற்றது. அதில் மிகப் பெரிய பகுதி, நகர மையத்தை ஒட்டிய மலைச்சரிவுகளான சாவேஸ் ரவீனில் வரவேண்டும். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா வரைபடம் போட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள்.

சாவேஸ் ரவீன் வெறும் காடாக இருக்கவில்லை. பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்று மூன்று சிற்றூர்களில் பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள் ஆடு, கோழி, காய்கறித் தோட்டத்தோடு வாழ்ந்துவந்தன. 1950 ஜூலையில் அவர்களுக்குக் கடிதம் போனது. உங்கள் இடத்தை விற்றுவிடுங்கள், புதுக் குடியிருப்பில் உங்களுக்குத்தான் முதல் உரிமை என்றது கடிதம். பெரும்பாலானவர்கள் அதை நம்பிக் கிளம்பினார்கள்.

அதற்குள் காற்று திசைமாறியது. ரியல் எஸ்டேட் தொழிலதிபர்கள் பொதுக் குடியிருப்பைச் சோஷலிசம் என்று பிரச்சாரம் செய்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாட்கள் அவை. 1952ல் வீட்டுவசதி ஆணையத்தின் அதிகாரி ஃபிராங்க் வில்கின்சனை நீதிமன்றக் கூண்டில் நிறுத்தி, எந்தெந்த அமைப்புகளில் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். சொல்ல மறுத்தார். வேலை போனது. அதே ஆண்டு வாக்கெடுப்பில் நகரம் திட்டத்துக்கு எதிராக வாக்களித்தது. 1953ல் திட்டத்தை நிறுத்துவேன் என்று சொல்லி நாரிஸ் போல்சன் மேயரானார். ஒப்பந்தம் சுருக்கப்பட்டது, சாவேஸ் ரவீன் குடியிருப்பு கைவிடப்பட்டது. 1959 மே மாதம் கடைசிக் குடும்பங்களைக் காவலர்கள் தூக்கி வெளியேற்றியதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. 1962ல் அங்கே டாட்ஜர்ஸ் பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. இருந்த வீடுகளும் போயின, வரவேண்டிய வீடுகளும் வரவில்லை.

ஒரு நகரத்தின் தோல்வியாக இது நின்றிருந்தால் பிறகு சரிசெய்திருக்கலாம். ஆனால் 1950 நவம்பரிலேயே கலிபோர்னியா மக்கள் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே 34ஆம் பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். எந்த ஊரிலும் அரசுப் பணத்தில் ஏழைகளுக்கான வாடகைக் குடியிருப்பு கட்ட வேண்டுமென்றால், முதலில் அந்த ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். பணக்காரர்களுக்கு அடுக்குமாடி கட்ட இப்படி எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை. 1971ல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவு செல்லும் என்றது. இன்றும் அது அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஒரு ஏழைக் குடும்பம் எங்கே குடியிருக்கலாம் என்பதை அக்கம்பக்கத்தாரின் வாக்குக்கு விட்ட இந்தப் பிரிவை, நவீன வீட்டுவசதி வரலாற்றின் மிக மோசமான வரிகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். சாவேஸ் ரவீனுக்குத் தெற்கே பங்கர் ஹில் குன்றில், பழைய விக்டோரிய மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். சொற்ப ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்களும் கூலித் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். நம் திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் போன்ற வாழ்க்கை: ஒரு கட்டில், ஒரு அலமாரி, வராந்தா முனையில் பொதுக் குளியலறை. வசதி குறைவுதான், ஆனால் கையில் இருப்பதைக் கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். 1959ல் ஒப்புதல் பெற்ற மறுசீரமைப்புத் திட்டம் அந்தக் குன்றையே மழித்தது. இன்று அங்கே அலுவலகக் கோபுரங்களும் இசையரங்கமும் நிற்கின்றன. 1976ல் ஸ்கிட் ரோ என்ற பகுதிக்குள் ஏழைகளுக்கான விடுதிகளையும் உதவி நிலையங்களையும் ஒதுக்கி அடக்குவதை மாநகராட்சி கொள்கையாகவே எழுதிவைத்தது. மனைப் பகுப்பு விதிகள் ஆண்டுக்காண்டு இறுகின. 1960ல் நகரத்தின் விதிகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழுமளவுக்கு வீடு கட்ட இடம் கொடுத்தன. 1990 வாக்கில் அது 40 லட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. குடியிருப்பு நிலத்தில் நான்கில் மூன்று பங்கு தனி வீட்டுக்கு மட்டும் என்று ஆனது. மக்கள்தொகையோ ஏறிக்கொண்டே போனது.

ஆகவே 2016ல் வாக்களித்தவர்கள் ஒரு புதிய செலவுக்கு ஒப்புக்கொண்டதாக நினைத்தார்கள். உண்மையில் தங்கள் தாத்தா காலத்துக் கடனுக்கு வட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் சாவி

அவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1990கள் வரை அமெரிக்காவில் வீடில்லாதவருக்கு உதவி என்றால் அது ஒரு ஏணி. முதல் படியில் பொதுத் தங்குமிடம். குடியை நிறுத்து, மருந்தைச் சாப்பிடு, விதிகளுக்குக் கட்டுப்படு. அடுத்த படியில் தற்காலிக அறை. எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் வீடு. நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் மறுபடி தெரு.

மனநோயாளிகளோடு நியூயார்க் தெருக்களில் வேலை பார்த்த சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த ஏணியைத் தலைகீழாக்கினார். 1992ல் ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ என்ற அமைப்பைத் தொடங்கி, நிபந்தனை எதுவும் வைக்காமல் முதலில் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். மருத்துவரும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். குடித்தாலும் வீடு போகாது. மற்ற குடியிருப்பாளர்களைப் போல வாடகையில் தன் பங்கைக் கட்ட வேண்டும், அக்கம்பக்கத்தில் தொந்தரவு செய்யக்கூடாது, அவ்வளவுதான். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இந்த முறையில் வந்தவர்களில் 88 விழுக்காட்டினர் இன்னும் வீட்டில் இருந்தார்கள். ஏணி முறையில் போனவர்களில் 47 விழுக்காடு. ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’, அதாவது வீடு முதலில், என்ற பெயர் அங்கிருந்துதான் உலகெங்கும் போனது.

செலவுக் கணக்கைப் போட்டவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கல்ஹேன். கடுமையான மனநோயோடு நியூயார்க் தெருவில் இருந்து, பிறகு உதவியோடு கூடிய வீடு கிடைத்த 4,679 பேரின் பதிவுகளை அவரது குழு மருத்துவமனை, தங்குமிடம், சிறை என்று ஒவ்வொரு துறையிலும் தேடிச் சேர்த்தது. தெருவில் விட்டுவைத்தாலும் ஒருவருக்காக அரசாங்கம் ஆண்டுக்கு 40,451 டாலர் செலவழித்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் ஒப்புதல் கொடுக்காத செலவு அது. அவசர சிகிச்சைப் பிரிவிலும் சிறையறையிலும் பில்லாக விழுந்துகொண்டிருந்தது. வீடு கொடுத்ததும் ஒரு வீட்டுக்கு 16,281 டாலர் மிச்சமானது. அந்த வீட்டுக்கும் பராமரிப்புக்கும் ஆன செலவு 17,277 டாலர். ஆக ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்குள் கூடுதலாகச் செலவழித்து ஒரு மனிதரைத் தெருவிலிருந்து எடுத்துவிடலாம். 2002ல் வெளிவந்த இந்த ஆய்வு, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் அரசாங்கத்தையே வீடு முதலில் என்ற கொள்கைக்கு மாற்றியது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கு அடிக்கடி மருத்துவமனையிலும் தங்குமிடத்திலும் விழுந்தெழுந்த, நோய் முற்றிய மனிதர்களைப் பற்றியது. வேலை போய் வாடகை கட்ட முடியாமல் காரில் தூங்கும் ஒருவரைப் பற்றியதல்ல. அவருக்கு வீடு கொடுத்தால் மிச்சமாக அங்கே பெரிய செலவு ஏதும் இல்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2018ல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்துவிட்டு, இந்த முறை மக்களை வீட்டில் நிலைக்கச் செய்கிறது, ஆனால் உடல்நலத்தைக் கணிசமாக மேம்படுத்துகிறது என்றோ மொத்தத்தில் பணத்தை மிச்சப்படுத்துகிறது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றன. அரசியல்வாதிகள் எல்லா மேடையிலும் மிச்சம், மிச்சம் என்று விற்றதுதான் பின்னால் கொள்கைக்கே ஆபத்தாக முடிந்தது. ஒரு மனிதர் நடைபாதையில் சாகாமல் இருப்பதற்குச் செலவாகும். அந்தச் செலவு தகும் என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாடளாவிய சான்றும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசு வாடகைச் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறது. வாடகையின் பெரும்பகுதியை வீட்டுவசதித் துறை கட்டும். படைவீரர் நலத்துறை ஒரு பணியாளரைப் பொறுப்பாகப் போடும். 2010ல் வீடில்லாத படைவீரர்கள் 74,087 பேர். 2024ல் 32,882 பேர். பாதிக்கும் மேல் குறைந்தது. அதே 2024ல் நாட்டின் மொத்த வீடில்லாதோர் எண்ணிக்கை 7,71,480 என்று கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து காணாத உச்சத்தில் இருந்தது. யாருக்கு வாடகைச் சீட்டு தேவைக்கேற்பக் கொடுத்தார்களோ அவர்கள் எண்ணிக்கை இறங்கியது. படைவீரர் அல்லாத ஏழைகளில் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது.

சிமென்ட்டுக்குப் போகாத பணம்

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்புவோம். வாக்கெடுப்பு முடிந்து முதல் கட்டடம் திறக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஐந்தாண்டு கழித்து, 2022 தொடக்கத்தில், கட்டி முடித்தவை 1,200க்கும் குறைவு. நகரத்தின் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்த ரான் கால்பெரின் வெளியிட்ட அறிக்கையில் ஒரு எண் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அப்போது கட்டுமானத்தில் இருந்த வீடுகளின் சராசரி அடக்கவிலை 5,96,846 டாலர். நம் பணத்தில் 5 கோடி ரூபாய். பெரும்பாலானவை ஒற்றை அறை அல்லது ஒரு படுக்கையறை கொண்ட சிறிய குடியிருப்புகள். இன்னும் கட்டத் தொடங்காத ஒரு திட்டத்தில் வீட்டுக்கு ஏறக்குறைய 8,37,000 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

ஊழல் என்று சொல்லிவிட்டால் கோபம் தீர்ந்துவிடும். கால்பெரின் 2019ல் கொடுத்த முந்தைய அறிக்கை இன்னும் பயனுள்ள ஒன்றைச் சொன்னது. செலவில் 35 முதல் 40 விழுக்காடு செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் கூலிக்கும் போகவில்லை. ஆலோசகர், வழக்கறிஞர், கடன் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று போனது. காரணம் இதுதான்: 120 கோடி டாலர் கடன்பத்திரப் பணம் எந்தக் கட்டடத்துக்கும் முழுச் செலவைத் தரவில்லை, ஒரு பங்கைத்தான் தந்தது. மீதியை மாநில நிதி, கவுன்ட்டி நிதி, மத்திய அரசின் வரிச்சலுகையை முதலீட்டாளர்களுக்கு விற்றுத் திரட்டும் பணம், வங்கிக் கடன் என்று ஒவ்வொரு வாசலாகப் போய்த் திரட்ட வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு, தனி நிபந்தனை. ஒன்று தள்ளிப்போனால் மற்ற எல்லாமே தள்ளிப்போகும். அதற்குள் மரமும் இரும்பும் விலையேறும். இதற்கு நடுவே அந்த வட்டாரத்து நகரமன்ற உறுப்பினரின் ஆதரவும் வேண்டும், சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி வழக்குப் போடும் அக்கம்பக்கத்தாரையும் சமாளிக்க வேண்டும். 1950ன் மனநிலை வேறு சட்டங்களின் பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது.

கட்டடங்கள் காத்திருந்தன, தெரு காத்திருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வீடில்லாதோர் சேவை ஆணையம் 2020ல் வெளியிட்ட கணக்கை நான் இந்தத் தொடருக்காகப் படித்த எல்லா ஆவணங்களிலும் முக்கியமானதாக நினைக்கிறேன். 2019ல் ஆணையமும் துணை அமைப்புகளும் 22,769 பேரை வீட்டில் சேர்த்தன. அது சாதாரண எண்ணிக்கை அல்ல. ஒரு சிற்றூரையே குடியேற்றியதற்குச் சமம். இன்னும் 52,000 பேருக்கு மேல் தாங்களாகவே எப்படியோ கரையேறினார்கள். ஒரு நாளைக்கு 207 பேர் தெருவைவிட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஏறக்குறைய 83,000 பேர் புதிதாக வீட்டை இழந்தார்கள். ஒரு நாளைக்கு 227 பேர்.

செலவு பலித்ததா என்ற கேள்வியை இந்த இரண்டு எண்களோடு சேர்த்துத்தான் கேட்க முடியும். தெருவிலிருந்து எடுக்க மக்கள் வரி கட்டினார்கள். அந்தப் பணம் எடுத்தது. வீட்டிலிருந்து தெருவுக்குத் தள்ளும் வாடகையைத் தடுக்க அந்தப் பணத்துக்கு அதிகாரம் இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்கோட் குஷெல் குழு மாநிலம் முழுக்க ஏறக்குறைய 3,200 பேரிடம் விசாரித்து 2023ல் வெளியிட்ட ஆய்வு, தள்ளப்படுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று காட்டியது. வீடில்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேர் கடைசியாகக் குடியிருந்த வீட்டைக் கலிபோர்னியாவிலேயே இழந்தவர்கள். வெயிலுக்கும் சலுகைக்கும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் அல்ல. தெருவுக்கு வரும் முன் ஆறு மாத காலத்தில் அவர்கள் குடும்பங்களின் மாத வருமானம் நடுமதிப்பில் 960 டாலர். அந்த வருமானத்துக்கு மாநிலத்தின் எந்தப் பெருநகரத்திலும் கௌரவமான அறை கிடையாது. தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தவர்களுக்குக்கூட வீட்டை இழக்கப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து பத்து நாள் அவகாசம்தான் இருந்தது.

விடுதிகளை வாங்கிய ஆண்டு

2020 கோடையில், கொரோனாவின் நடுவில், மாநில அரசு எதிர்பாராத ஒன்றைச் செய்துகாட்டியது. பயணிகள் இல்லாமல் மூடிக்கிடந்த ஹோட்டல்களையும் சாலையோர மோட்டல்களையும் உள்ளாட்சிகள் விலைக்கு வாங்கப் பணம் கொடுத்தது. திட்டத்தின் பெயர் ‘ஹோம்கீ’. முதல் சுற்றில் 60 கோடி டாலர். மத்திய அரசின் கொரோனா நிதி ஆண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும் என்பதால் மனைப் பகுப்பு விதிகளிலிருந்தும் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்தும் விலக்குக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் ஏறக்குறைய 6,000 அறைகள். ஒரு வீட்டுக்குச் சராசரி 1,44,000 டாலர் என்று பிற்பாடு தணிக்கையில் தெரிந்தது. புதிதாகக் கட்டினால் 3,80,000 முதல் 5,70,000 டாலர் ஆகும் என்றது அதே தணிக்கை.

பங்கர் ஹில்லில் இடித்துத் தள்ளிய ஒற்றை அறைகளை வேறு வடிவத்தில் அரசாங்கம் விலைக்கு வாங்கியது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். விதிகளைத் தளர்த்தினால் விலை மூன்றில் ஒரு பங்காக இறங்குகிறது என்பது ஐந்து கோடி ரூபாய் அறையைப் பற்றியும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது.

வாங்கிய பிறகு நடத்துவது வேறு கதை. ஸ்கிட் ரோவில் 1989ல் தொடங்கிய ‘ஸ்கிட் ரோ ஹவுசிங் டிரஸ்ட்’ பழைய விடுதிகளை வாங்கிப் புதுப்பித்து, நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த அமைப்பு. 2023ல் அது நிலைகுலைந்தது. அதன் 29 கட்டடங்களை நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. லிஃப்ட் ஓடவில்லை, கழிவறைகள் உடைந்துகிடந்தன, காலியான அறைகளில் அத்துமீறிக் குடியேறினார்கள். பழைய கட்டடங்களுக்குக் கிடைத்த வாடகை மானியம் பழுதுபார்க்கவும் காவலுக்கும் போதவில்லை. திறப்புவிழாவுக்குப் பணம் ஒதுக்கும் அரசாங்கம் இருபதாம் ஆண்டின் தண்ணீர்க் குழாய்க்குப் பணம் ஒதுக்குவதில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அங்கே குடியிருந்த ஏழைகள்.

2,400 கோடி டாலர்

2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மாநிலத் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை உலகச் செய்தியானது. ஐந்து நிதியாண்டுகளில் வீடில்லாதோருக்காக மாநிலம் ஏறக்குறைய 2,400 கோடி டாலர் செலவழித்திருந்தது. ஒன்பது துறைகள், முப்பதுக்கும் மேற்பட்ட திட்டங்கள். அவற்றை ஒருங்கிணைக்க வேண்டிய மன்றம் 2021க்குப் பிறகு எந்தப் பணம் என்ன விளைவைத் தந்தது என்று தொடர்ந்து பார்க்கவே இல்லை. தணிக்கையாளர்கள் ஐந்து திட்டங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஹோம்கீயும், குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை கொடுக்கும் ஒரு திட்டமும் கொடுத்த காசுக்குப் பலன் தந்திருக்கும் என்றார்கள். மற்ற மூன்றைப் பற்றிச் சொல்லவே தகவல் இல்லை.

அறிக்கை பணம் திருடப்பட்டது என்று சொல்லவில்லை, பலிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பலித்ததா என்று தெரிந்துகொள்ள யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்றது. இதை ஒரு சின்னக் குறையாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில், வீடில்லாதோர் பற்றிய ஒரு வழக்கை விசாரித்துவந்த மத்திய நீதிபதி டேவிட் கார்ட்டரின் நீதிமன்றத்துக்காக நடந்த இன்னொரு தணிக்கை, லாஸ் ஏஞ்சலிஸில் சுமார் 230 கோடி டாலர் செலவை முழுமையாகத் தடம்பிடிக்க முடியவில்லை என்று சொன்னது. எந்த ஒப்பந்ததாரர் எத்தனை பேருக்கு என்ன சேவை செய்தார் என்பதற்கே சரியான ஆவணங்கள் இல்லை. ஒரு மாதத்துக்குள் கவுன்ட்டி, 1993ல் நகரத்தோடு சேர்ந்து தானே உருவாக்கிய ஆணையத்திடமிருந்து 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. நல்ல நோக்கத்தோடு செலவழிப்பவர்கள் கணக்கு வைக்காவிட்டால், அந்தச் செலவையே விரும்பாதவர்களின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார்கள். 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, வீடு முதலில் என்ற கொள்கைக்கு மத்திய ஆதரவை நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற தீர்ப்பில், ஓரிகானின் கிராண்ட்ஸ் பாஸ் ஊர் வெட்டவெளியில் தூங்குபவர்களுக்கு அபராதம் போடுவது செல்லும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது.

இதே கொள்கையை இதே ஆண்டுகளில் கடைப்பிடித்த டெக்சாஸின் ஹூஸ்டனைப் பார்த்தால் லாஸ் ஏஞ்சலிஸின் கதை இன்னும் தெளிவாகும். மேயர் அனீஸ் பார்க்கர் காலத்தில், 2011ல், ஹூஸ்டன் வட்டாரத்தில் வீடில்லாதவர்கள் 8,500 பேர் அளவில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒரே பட்டியல், ஒரே வரிசை என்று கட்டிப்போட்டார்கள். 25,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது; எண்ணிக்கை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஹூஸ்டன் பெரும்பாலும் கட்டவில்லை, வாடகைக்கு எடுத்தது. காலி வீடுகள் இருந்தன, வாடகை தாங்கக்கூடியதாக இருந்தது. அமெரிக்கப் பெருநகரங்களில் மனைப் பகுப்புச் சட்டம் இல்லாத ஊர் அது ஒன்றுதான். டெக்சாஸ்காரர்கள் கலிபோர்னியர்களைவிட அதிக வரி கட்டவில்லை, அதிக இரக்கம் காட்டவுமில்லை.

லாஸ் ஏஞ்சலிஸும் இதைக் கற்றுக்கொள்ள ஒருமுறை கைநீட்டியது. 2022 டிசம்பரில் மேயராகப் பதவியேற்ற கேரன் பாஸ் முதல் நாளே நெருக்கடி நிலை அறிவித்தார். சில நாட்களில், முழுக்கக் குறைந்த வாடகை வீடுகள் கொண்ட கட்டடத்துக்கு 60 நாளில் அனுமதி கொடுத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். அரசுப் பணம் ஒரு சென்ட்கூடக் கேட்காமல் தனியார் கட்டுநர்கள் ஆயிரக்கணக்கான குறைந்த வாடகை வீடுகளுக்கு விண்ணப்பித்தார்கள். அதிகாரிகளே எதிர்பார்க்காத வரவேற்பு. 2023 ஜூனில், தனி வீட்டுப் பகுதிகளுக்கு இந்த ஆணை பொருந்தாது என்று மேயர் திருத்தம் போட்டார். நகரத்தின் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதி அதோடு வெளியே போனது. அதற்கடுத்த ஆண்டு இன்னும் சில பகுதிகள். மக்களின் வரிப்பணத்தில் ஒரு சென்ட்கூடத் தேவைப்படாத வழியை, வீட்டுக்காரர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து, நகரம் தானே குறுக்கிக்கொண்டது.

2024 நவம்பரில் கவுன்ட்டி மக்கள் மறுபடியும் வரிக்குச் சம்மதித்தார்கள். பழைய கால் சென்ட் அரை சென்ட் ஆனது, இம்முறை முடிவுத் தேதி இல்லாமல். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வாடகை வீடுகளைக் கட்டவும் காக்கவும், குடியிருப்பவர்கள் வெளியேற்றப்படாமல் தடுக்கவும் ஒதுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். விழுபவர்களைப் பற்றிய கவலையும் கணக்கில் ஏறியது. கவுன்ட்டியின் எண்ணிக்கை 2023ல் 75,518, அடுத்த ஆண்டு 75,312, 2025ல் 72,308. குறைந்த எண்ணிக்கை சிறியது. ஆனாலும் நெடுங்காலத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இறங்கியிருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் ஹெல்சின்கிக்குப் போவோம். 1985ல் அங்கே தொடங்கிய ஓர் அறக்கட்டளை, சூதாட்ட இயந்திர வருமானத்திலிருந்து கிடைத்த மானியத்தில், சாதாரண அடுக்குமாடிகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகளை வாங்கிப்போடத் தொடங்கியது. 2008ல் 558 படுக்கைகள் இருந்த ஹெல்சின்கியின் இரவுத் தங்குமிடங்களில் 2016ல் மிஞ்சியவை 52. மற்றவை என்ன ஆயின என்பதை அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)